ஃபெட்லிங் ஷாப் அண்ணனும் அவருடைய நெஞ்சுப் படமும்

வடசென்னையில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியின் முதலுதவி அறையில் நான் நர்ஸாக இருந்த காலத்தில், வார்த்த இரும்பைச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர் அண்ணன். ஷிஃப்ட்டில் எல்லோருக்குமே அவர் அண்ணன்தான். வார்த்து ஆறிய காஸ்டிங்கைச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காது கொடுப்பார். கணீரென்று வந்தால் நல்லது, சத்தம் அமுங்கி வந்தால் உள்ளே விரிசல். இன்ஸ்பெக்‌ஷன் ஆட்கள் வருவதற்குள் கெட்டதை ஒதுக்கி வைத்திருப்பார். அப்ரண்டிஸ் பையன்களுக்குக் கிரைண்டர் கல்லையும் மாட்டுவதற்கு முன்னால் அதே மாதிரி தட்டிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தார். விரிசல் விட்ட கல் சுற்றும்போது வெடித்து முகத்தில் அடிக்கும். அவர் பொறுப்பில் இருந்தவரை அப்படி ஒரு காயத்தோடு யாரையும் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்ததில்லை.

அவர் 48 வயதில் வேலையை விட்டார். ஓய்வு பெற இன்னும் பத்து வருடம் இருந்தது. ராஜினாமாக் கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதியிருந்தது. ஆனால் அந்தக் கடிதம் எழுதப்பட்ட மாதத்தில், முதலுதவி அறையின் படிகளை ஒரே மூச்சில் ஏற முடியாமல் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்.

இப்போது அண்ணன் இல்லை. அவரைப் பற்றி எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். “பேரை மட்டும் போடாதீங்க சிஸ்டர். மத்ததை எழுதுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்” என்றார். ஆலையின் பெயரையும் விட்டுவிடுகிறேன். திருவொற்றியூரோ, மணலியோ, மாதவரமோ, அம்பத்தூரோ, ஃபவுண்டரி எங்கே இருந்தாலும் நடந்தது பெரிதாக மாறியிருக்காது.

ஃபவுண்டரிக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்பை உருக்கி ஊற்றும் அச்சைப் பெரும்பாலும் மணலில்தான் செய்கிறார்கள். அது சிலிகா மணல், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிலிகாதான். பெண்டோனைட் களிமண், கரித்தூள், தண்ணீர் சேர்த்துப் பிசைந்து மோல்டு போடுவார்கள். இரும்பு ஆறியதும் மோல்டை உடைத்துக் காஸ்டிங்கை வெளியே எடுப்பது நாக்-அவுட். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெந்த மணலைக் கொத்தி, பிசிறுகளை வெட்டி, கிரைண்டரில் தேய்த்துச் சுத்தம் செய்வது ஃபெட்லிங். மோல்டிங்கில் மணல் ஈரமாக இருப்பதால் அவ்வளவாகப் பறக்காது. நாக்-அவுட்டிலும் ஃபெட்லிங்கிலும்தான் அது காய்ந்து, நொறுங்கி, கிரைண்டர் கல்லுக்கு அடியில் இன்னும் பொடியாகி நேரே முகத்துக்கு வருகிறது. அப்போதுதான் உடைந்த சிலிகாத் துகள் பழைய துகளைவிட நுரையீரலுக்கு அதிகக் கெடுதல் செய்யும்.

கண்ணுக்குத் தெரிகிற தூசியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், சளியோடு வெளியே வந்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது 10 மைக்ரானுக்கும் சிறிய துகள், அதிலும் 5 மைக்ரானுக்குக் கீழே இருப்பது மிக மோசம். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இது எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷாப்பில் தூசி அடங்கிவிட்டது என்று முகத்துணியைக் கழற்றும் நேரத்திலும் இது காற்றில் மிதந்துகொண்டுதான் இருக்கும். உள்ளே போன துகளை விழுங்கிச் சுத்தம் செய்ய உடம்பில் வெள்ளணுக்கள் இருக்கின்றன. சிலிகாவை விழுங்கினால் அந்த அணுவே செத்துப் போகிறது, துகள் வெளியே வந்துவிடுகிறது. அதை விழுங்க இன்னொரு அணு வருகிறது. இப்படியே நடந்து நடந்து, அந்த இடம் தீக்காயம் ஆறிய தோல் மாதிரி இறுகித் தழும்பாகிவிடும். இதுதான் சிலிகோசிஸ். வந்த தழும்பை எடுக்க மருந்து கிடையாது. தூசியை விட்டு வெளியே வந்த பிறகும் பலருக்கு அது கூடிக்கொண்டே போகும்.

எங்கள் ஆலையில் ஃபெட்லிங் ஆட்களுக்குத் தினமும் வெல்லம் கொடுப்பார்கள், உள்ளே போன தூசியை அது இறக்கிவிடும் என்ற நம்பிக்கையில். தமிழ்நாட்டில் மட்டுமல்ல, நாடு முழுக்கத் தூசி வேலைகளில் இந்தப் பழக்கம் உண்டு. சில இடங்களில் வாழைப்பழம். தொண்டைக்கு இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் நாம் சாப்பிடுவது உணவுக்குழாயில் போகிறது, தூசி போவது மூச்சுக்குழாயில். வெல்லம் கொடுத்தோம் என்று நிர்வாகமும், சாப்பிட்டோம் என்று தொழிலாளியும் நிம்மதியாக இருந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அண்ணனுக்கு மூச்சு வாங்குவது ஊருக்குத் தெரிந்தது 2017 ஜனவரி கடைசியில். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியதே, அப்போது. வாளியால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த கூட்டத்தில் அவர் பேட்டைப் பையன்களும் இருந்தார்கள். இவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். நாலைந்து வாளி கைமாற்றுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் எண்ணெய் நாற்றம் என்று நினைத்தார்கள். திங்கட்கிழமை என்னிடம் வந்தபோது, “அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர், நைட்டு ஷிஃப்ட் பார்த்துட்டுப் போனேன், தூக்கம் இல்ல” என்றார். ஆனால் கேட்கக் கேட்க வந்தது: ஆறேழு மாதமாகவே மாடிப்படியில் நின்று நின்றுதான் ஏறுகிறார். வறட்டு இருமல். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

சிலிகோசிஸ் இப்படித்தான் வரும், சத்தம் போடாமல். சாதாரண வகை பத்து வருடத்துக்கு மேல் தூசியில் இருந்தவர்களுக்கு மெதுவாக வருகிறது. தூசி அதிகமாக இருந்தால் ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் வரலாம். மூடிய அறையில் மணலைப் பீய்ச்சி அடிக்கிற சாண்ட் பிளாஸ்டிங் மாதிரி மிகக் கடுமையான வேலையில் சில மாதங்களிலேயே வந்து ஆளை முடித்துவிடுவதும் உண்டு. முதலில் தெரிவது மூச்சிரைப்பு. “வயசாயிடுச்சு”, “பீடி குடிச்சா இப்படித்தான்” என்று அது தள்ளிப் போடப்படும். அண்ணன் ஒரு காலத்தில் பீடி குடித்தவர்தான், பெண் பிறந்த பிறகு விட்டுவிட்டார். நிர்வாகத்தில் கடைசி வரை அந்தப் பீடியைத்தான் சொன்னார்கள். பீடி நுரையீரலைக் கெடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் சிலிகோசிஸில் வருகிற தழும்பு முடிச்சுகளைப் பீடிப் புகை உண்டாக்காது. அதற்குச் சிலிகா வேண்டும்.

நான் கையோடு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: ஃபெட்லிங் வேலை, 24 வருடம், சிலிகா தூசி, நெஞ்சுப் படம் தேவை. எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மேல் பக்கம் இரண்டு நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக நிழல். சளிப் பரிசோதனையில் டிபி கிருமி இல்லை. ஆனாலும் நம் ஊரில் நெஞ்சுப் படத்தில் மேல்பக்கம் நிழல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டிபி. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார், ஒரு நாள் விடாமல். எடை ஏறவில்லை, மூச்சு சரியாகவில்லை. திரும்பப் படம், திரும்ப அதே நிழல், திரும்ப டிபி மாத்திரை. நான் கொடுத்த சீட்டு அவர் சட்டைப் பையிலேயே மடிந்து கிழிந்துபோனது. வரிசையில் நிற்கிற அத்தனை பேரையும் பார்த்து முடிக்க வேண்டிய டாக்டருக்கு, ‘என்ன வேலை பார்க்கிறீங்க, எத்தனை வருஷமா?’ என்று கேட்க நேரம் இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டிபி மாத்திரை கொடுத்தால் யாரும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சிலிகோசிஸ் இருப்பவருக்கு டிபி வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், அதற்கு சிலிகோ-டியூபர்குலோசிஸ் என்றே பெயர் உண்டு. அதனால்தான் சிலிகோசிஸ் நோயாளிகளுக்கு டிபி வராமல் தடுக்கும் சிகிச்சையையும் தேசிய டிபி திட்டத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. என் கவலை மாத்திரை கொடுத்ததைப் பற்றி அல்ல. டிபி என்று எழுதியதோடு கேள்வி முடிந்துபோனதைப் பற்றி.

அந்த எழுத்து பணத்தை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கு, சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. டிபி மாதிரியான நீண்ட நாள் நோய்கள் 34 உண்டு, அவற்றுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு வருடம். அதோடு முடிந்தது. சிலிகோசிஸ் இந்த வரிசையில் வராது. அது தொழில்சார் நோய், அதாவது வேலையால் வரும் நோய், இ.எஸ்.ஐ.க்கான தொழில்சார் நோய் அட்டவணையில் இருக்கிறது. சிலிகோசிஸோடு சேர்ந்த டிபியும் அதே அட்டவணையில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அது இயந்திரத்தில் கை போனதற்குச் சமம், வேலையில் ஏற்பட்ட காயம். தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு 90 சதவீதம். நிரந்தரமாகப் பாதிப்பு என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதோ அந்தக் கணக்கில் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சராசரி நாள் சம்பளம் 600 ரூபாய் என்று வையுங்கள். டிபி என்று எழுதப்பட்டால் ஒரு நாளைக்கு 480 ரூபாய், அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு. சிலிகோசிஸ், 60 சதவீதத் திறன் இழப்பு என்று எழுதப்பட்டால் ஒரு நாளைக்கு 324 ரூபாய், உயிரோடு இருக்கும்வரை. அந்த நோயால் இறந்தால் மனைவிக்குச் சார்ந்தோர் பலன் என்று தொடரும். அண்ணன் வயதுக்காரருக்கு, படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில், இந்த வித்தியாசம் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தடவை மாத்திரை முடிந்து வேலைக்கு வந்தபோது, ஃபெட்லிங்கை விட்டு வேறு இடம் கொடுங்கள் என்று கேட்டார். அச்சு மாதிரிகள் வைக்கும் பேட்டர்ன் ஸ்டோரில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிற வேலை இருந்தது. டூல் ரூமில் இருந்தது. காஸ்டிங் சத்தத்தை அவர் மாதிரி யாருக்கு வரும், இன்ஸ்பெக்‌ஷனில் போட்டிருக்கலாம். ‘லைட் ஜாப் எதுவும் காலியில்லை’ என்றார்கள். ‘ஃபிட்னஸ் சர்டிபிகேட் இல்லாமல் உள்ளே விட முடியாது’ என்றார்கள். அந்த சர்டிபிகேட்டை எந்த டாக்டரும் தர மாட்டார் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அப்புறம் ஒரு நாள் டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்தார்கள். கையெழுத்துப் போட்டால் செட்டில்மெண்ட் சீக்கிரம் வரும், கூடக் கொஞ்சம் கருணைத்தொகையும் வரும் என்றார்கள். பெண்ணுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்டும் மாதம் அது. போட்டுவிட்டார்.

கடைசி நாளில் சால்வை போர்த்தினார்கள், இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள், ஷாப் வாசலில் குரூப் போட்டோ எடுத்தார்கள். அன்பு இல்லாத விழா என்று சொல்ல மாட்டேன். அவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் அழுதார்கள். நிர்வாகத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபம் அந்த ஒற்றைத் தாளுக்காகத்தான்.

‘சொந்தக் காரணம்’ என்ற இரண்டு சொல் எத்தனை கதவுகளை மூடுகிறது என்பது கையெழுத்துப் போடும்போது தெரிவதில்லை. பி.எஃப். அலுவலகத்தின் 1995 பென்ஷன் திட்டத்தில், பணியில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய முடியாமல் போனவருக்குப் பத்து வருட சர்வீஸ் நிபந்தனை இல்லாமலே பென்ஷன் உண்டு. பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும் என்பார்களே, உடல் இயலாமையால் வெளியேறுபவருக்கு அந்த ஐந்து வருடக் கணக்கும் கிடையாது. தானாக விட்டுப் போனவர் என்று காகிதம் சொன்னால், இதையெல்லாம் கேட்கும்போது முதலில் அந்தக் காகிதத்தோடு சண்டை போட வேண்டும். உடம்பு முடியாமல் விடுகிறீர்கள் என்றால் அதையே எழுதுங்கள்: ‘தூசியில் இத்தனை வருடம் வேலை செய்ததால் ஏற்பட்ட நுரையீரல் நோயால், மருத்துவர் ஆலோசனைப்படி.’ யார் டைப் அடித்துக் கொடுத்தாலும் வீட்டுக்கு எடுத்துப் போய், யூனியன்காரரிடமோ தெரிந்த வக்கீலிடமோ காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். இ.எஸ்.ஐ.யில் நோய்ப் பலனோ காயப் பலனோ வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் ஆளை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவில் இருந்தது. அதனால்தான் நீக்க மாட்டார்கள். நம்மையே எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள்.

அண்ணனுக்கு நோயின் பெயர் தெரிந்தது வேலையை விட்ட பிறகு. வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் நெஞ்சுப் பிரிவில், படிப்பை முடித்துப் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரம்மா, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மணல்ல வேலை பார்த்தீங்களா?” என்று கேட்டாராம். நுரையீரலின் நடுவில் இருக்கும் நிணநீர்க் கட்டிகளின் ஓரம் முட்டை ஓட்டுக் கோடு மாதிரி சுண்ணாம்பு படிந்திருந்தது. சிலிகோசிஸைச் சந்தேகிக்க வைக்கும் முக்கியமான அடையாளம் அது. பழைய படங்களைக் கேட்டார். நல்ல வேளையாக அண்ணி எல்லாவற்றையும் அரிசி டின் மேல் தட்டையாக அடுக்கி வைத்திருந்தார். மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஓபி சீட்டிலேயே தெளிவாக எழுதிக் கொடுத்தார்: சிலிகோசிஸ், ஃபவுண்டரி ஃபெட்லிங் 24 வருடம்.

அந்தச் சீட்டை வைத்துத்தான் எல்லாம் நடந்தது. மருத்துவ வாரியத்தின் முன்னால் நிற்க வைக்க அலைந்த அலைச்சலும், அவர் செய்த வேலையை நிரூபிக்கப் பட்ட பாடும் தனிக் கதை. ஆலையின் பதிவேட்டில் அவர் ‘ஸ்கில்டு ஒர்க்கர்’ என்று மட்டும் இருந்தார், எந்த ஷாப் என்று இல்லை. முதலுதவி அறை ரிஜிஸ்டரில், கண்ணில் துகள் விழுந்தது என்று அவர் வந்த தேதிகளுக்கு நேரே ‘ஃபெட்லிங்’ என்று வருடக்கணக்காக எழுதியிருந்தது கை கொடுத்தது. கடைசியில் ஆயுள் பணம் வந்தது. சில வருடங்கள்தான் வாங்கினார். வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு இருந்த நாட்களில் போய்ப் பார்த்தால், தெருவில் கேட் மூடும் சத்தத்தை வைத்து யார் வீட்டுக் கேட், எந்தக் கீல் தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். பெண் படிப்பை முடித்து வேலைக்குப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

தொழிற்சாலை வேலையால் வரும் நோய்களில் சிலவற்றைக் கண்டால் டாக்டர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் 89-ஆம் பிரிவு சொன்னது. சிலிகோசிஸ் அந்தப் பட்டியலில் உண்டு. சொல்லாவிட்டால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக 2020-இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் சிலிகோசிஸ் இருக்கிறது. டிபி என்று எழுதப்பட்ட ஒவ்வொரு சிலிகோசிஸும் இந்தப் பட்டியலுக்கு வராமல் போகிறது. அப்புறம் ‘நம்ம பக்கம் சிலிகோசிஸே இல்லை’ என்று ஆகிவிடுகிறது.

தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. ஃபவுண்டரி வேலை அபாயகரமான செயல்முறைகளின் பட்டியலில் இருப்பதால், உடல்நலப் பதிவுகளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் என்று அதே 1948 சட்டத்தின் 41-சி பிரிவு சொன்னது. 1995-இல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அந்தத் தொழிலில் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடமோ, வேலையை விட்டதிலிருந்து 15 வருடமோ, எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்கச் சொன்னது. தூசியால் வரும் நோய் எவ்வளவு தாமதமாக வெளியே தெரியும் என்பதை நன்றாகப் புரிந்துகொண்ட தீர்ப்பு என்று நினைக்கிறேன். வருடாந்திர மெடிக்கல் செக்கப் என்று வேன் வந்து, ஒரே நாளில் எல்லோருக்கும் ‘நார்மல்’ என்று எழுதிவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ‘நார்மல்’ பிறகு தொழிலாளிக்கு எதிராகவே நிற்கும். படத்தைப் பார்த்தது யார், மூச்சு ஊதும் சோதனையில் போன வருட எண் என்ன, இந்த வருட எண் என்ன, இதைக் கேட்டு வாங்குங்கள்.

தடுப்பு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயில் கையில் இருப்பது தடுப்பு மட்டும்தான். முதல் எதிரி விளக்குமாறு. காய்ந்த மணலைப் பெருக்கினால், தரையில் கிடக்கிற துகளை மூக்குக்கு உயர்த்துகிறோம். தண்ணீர் தெளித்தோ வேக்யூம் வைத்தோதான் எடுக்க வேண்டும். இரண்டாவது ஏர் ஹோஸ். ஷிஃப்ட் முடிந்ததும் கம்ப்ரெஸ்டு ஏரால் சட்டையையும் தலையையும் ஊதிக்கொள்ளாத ஃபவுண்டரி ஆளை நான் பார்த்ததில்லை. அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவதும் வேண்டாம், ஆலையிலேயே குளித்து மாற்றிக்கொண்டு போக இடம் கேளுங்கள். கர்ச்சீப்போ துண்டோ இந்தத் துகளை நிறுத்தாது. முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தும் ரெஸ்பிரேட்டர் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் பொருந்தாது. அதையும் கடைசி அரணாகத்தான் வைக்க வேண்டும். கிரைண்டருக்குப் பக்கத்திலேயே தூசியை உறிஞ்சும் குழாய், சுத்தம் செய்யப் பீய்ச்சும் மணலுக்குப் பதில் ஸ்டீல் ஷாட் என்கிற எஃகுக் குண்டுகள், இவைதான் முதலில். பிரிட்டனில் காஸ்டிங் சுத்தம் செய்ய மணலைப் பீய்ச்சுவதை 1949-லேயே தடை செய்துவிட்டார்கள். செய்ய முடியாத காரியம் இல்லை.

இப்போது ஃபெட்லிங் வேலையில் நிரந்தரத் தொழிலாளி அநேகமாக இல்லை. ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்த பையன்கள், காண்ட்ராக்டரிடம் வேலை, இரண்டு மூன்று வருடத்தில் வேறு ஊர். நோய் தெரியும்போது இங்கே இருக்க மாட்டார்கள். அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் வராது. தூசி ஃபவுண்டரியோடு நிற்பதும் இல்லை. கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ புது வீட்டுக்குச் சமையலறை மேடைக் கல் அறுக்கிற பையனைப் பாருங்கள். தண்ணீர் விடாமல், கையில் ஆங்கிள் கிரைண்டரோடு, மூடிய அறையில் வெள்ளைப் புகைக்கு நடுவே இருப்பான். கிரானைட்டில் கணிசமான பங்கு சிலிகா. இப்போது பிரபலமாக இருக்கும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் 90 சதவீதம் வரைகூட இருக்கும். அந்தப் பலகைகளையே ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடை செய்துவிட்டது. நம் வீட்டு வேலை என்றால் நாம் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லலாம். ஒரு ஆள் குழாய் பிடித்தால் போதும்.

தூசி வேலையில் இருப்பவர், இருந்தவர், யாராவது இதைப் படித்தால் இவற்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்: சம்பளச் சீட்டு, ஷாப் பெயர் இருக்கிற கேட் பாஸ், காண்ட்ராக்டர் கொடுத்த அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. எண், எல்லா நெஞ்சுப் படங்களும் தேதியோடு. படத்தை மடிக்கக் கூடாது, மொபைலிலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஸ்டான்லியிலும் ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனையிலும் நுரையீரல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். போகும்போது என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை நீங்களே முதலில் சொல்லி, ஓபி சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். தொழில்சார் நோயால் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டு வேலையை விட்டவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் ஓய்வு வயது வரும்வரை தனக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியத்தைத் தொடரலாம். அந்த விண்ணப்பத்தைக் கிளை அலுவலகத்திலேயே கேட்டு வாங்கலாம்.